பழைய அம்பாசிடரைத் தினசரி காராக ஓட்ட முடியுமா? பதிவு, தகடு, இ20 பெட்ரோல்

15 வருடம் தாண்டிய காரை அரசு பிடித்துக்கொண்டு போய்விடும் என்கிறார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய எஞ்சினைத் தின்றுவிடும் என்கிறார்கள். மறுபதிவுக் கட்டணம் ஏறிவிட்டது, இனிக் கட்டுப்படியாகாது என்கிறார்கள். புதுக் கார் வாங்காமல் ஓர் அம்பாசிடரையோ பத்மினியையோ வாங்கித் தினமும் ஓட்டலாமா என்று யோசிப்பவர்களை இந்தப் பேச்சுகள்தான் அதிகம் குழப்புகின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இப்படிக் கார் வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில்தான் மாட்டுகிறார்கள். ஒன்று ஆர்.சி. புத்தகம், மற்றொன்று காரின் அடித்தகடு. எஞ்சின் அதற்கெல்லாம் பிறகுதான்.

## எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறோம்

தமிழ்நாட்டில் இன்றும் கிடைக்கிற, உதிரிபாகம் தேடிப் பிடிக்க முடிகிற பழைய கார்கள் சில உண்டு.

அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் இந்திய வடிவம். மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரித்தது. நெடுங்காலம் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். 1990களில் 1817 சிசி இசுசு எஞ்சினும், தரையில் நிற்கும் ஐந்து கியர் தண்டும் வந்தன. தினசரி ஓட்டத்துக்கு இந்த இசுசு எஞ்சின் வண்டிதான் முதல் தேர்வு. இழுவை, கியர் இரண்டிலும் இன்றைய சாலைக்கு அதுவே நெருங்கி வருகிறது.

பிரீமியர் பத்மினி. ஃபியட் 1100 வழி வந்தது. 1089 சிசி, ஏறத்தாழ 40 குதிரைத்திறன், ஸ்டீயரிங் தண்டில் கியர். மும்பையில் செய்த வண்டி. உடல் சிறியது, திருப்ப எளிது, நகரத்துக்கு நல்லது. தலைப்பகுதி, அதாவது சிலிண்டர் ஹெட், அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் அது வளைந்துவிடும்.

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தயாரித்தது. தனிச் சட்டகத்தின் மேல் உடல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். மட்கார்டோடு சேர்த்து முழு பானெட்டும் முன்பக்கமாகத் திறக்கும். எஞ்சினில் கை வைக்க இதைவிட வசதியான கார் இல்லை. பாகம் தேடத்தான் பொறுமை வேண்டும்.

கார்புரேட்டர் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், 1983 டிசம்பரில் வந்தது. இப்போதுதான் பழங்கார் என்ற பெயரை எட்டிக்கொண்டிருக்கிறது. எளிமையாகத் தொடங்க நினைப்பவர்களுக்கு இது.

## 15 ஆண்டு விதி உண்மையில் என்ன சொல்கிறது

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாக நீட்டித்துக்கொண்டே போகலாம். இத்தனை முறைதான் என்ற உச்ச வரம்பு சட்டத்தில் இல்லை.

அப்படியானால் குழப்பம் எங்கிருந்து வருகிறது?

1. டில்லி தலைநகர் வட்டாரத்தில் மட்டும் 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை உண்டு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போட்டதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலையில் அத்தகைய வண்டிகளுக்கு பங்க்கில் எரிபொருளே கொடுக்கக் கூடாது என்று தொடங்கி, சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். இந்தச் செய்தியைத்தான் இங்கே பலர் தமிழ்நாட்டுச் சட்டம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

2. 2023 ஏப்ரல் முதல் 15 ஆண்டு முடிந்த அரசு வாகனங்களைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும் என்பது கட்டாயம். அது அரசு வண்டிக்கு. தனியார் காரை உடைக்கக் கொடுப்பது உரிமையாளரின் விருப்பம்.

3. கட்டணம் ஏறியது உண்மை. காருக்கு 600 ரூபாயாக இருந்த மறுபதிவுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 என்றும், இறக்குமதி வண்டிக்கு 80,000 என்றும் உயர்ந்தது. அம்பாசிடர், பத்மினி, ஹெரால்ட் எல்லாம் இந்தியாவில் செய்தவை, எனவே 10,000தான். ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 170 ரூபாய்கூட வராது. வெளிநாட்டிலிருந்து வந்த மோரிஸ் மைனர் போன்ற வண்டியைப் பார்ப்பவர்கள்தான் இந்த உயர்வை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும். இதோடு மாநில அரசின் பசுமை வரியும் சேரும்.

மறுபதிவுக்கு விண்ணப்பம் படிவம் 25. காலாவதி ஆவதற்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்; அதற்கு முன்பே கொடுக்க முடியாது. தாமதமானால் காருக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல். பத்து வருடம் ஷெட்டில் கிடந்த கார் மலிவாக வருகிறது என்றால் இந்த 500ஐ எத்தனை மாதத்தால் பெருக்க வேண்டியிருக்கும் என்று முதலில் பாருங்கள். வரி நிலுவை தனி.

ஆய்வில் மோட்டார் வாகன ஆய்வாளர், மக்கள் வழக்கில் பிரேக் இன்ஸ்பெக்டர், சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் புத்தகத்தோடு ஒப்பிடுவார். விளக்கு, ஹாரன், வைப்பர், பிரேக், டயர் பார்ப்பார். புகைச் சான்றும் காப்பீடும் நடப்பில் இருக்க வேண்டும். பிஎஸ்-2 (பாரத் ஸ்டேஜ்) புகைத் தரத்துக்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குப் புகை வரம்பு கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம். நன்றாக டியூன் செய்த கார்புரேட்டர் எஞ்சின் இதைத் தாண்டாது. தாண்டினால் காற்று ஃபில்டர், சோக், பிளக், மிதவை மட்டம் என்ற வரிசையில் பார்த்தாலே பெரும்பாலும் காரணம் அகப்படும்.

## விண்டேஜ் பதிவு: தினசரி ஓட்டுபவர் வாங்கக் கூடாத ஒன்று

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகன விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாத, சொந்த உபயோக வண்டிகளுக்கு இது. எண் பலகையில் மாநில எழுத்தை அடுத்து 'விஏ' என்று வரும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், மறுபதிவு 5,000.

மறுபதிவு மலிவாக இருக்கிறதே என்று இதில் இறங்கிவிடுவார்கள். கூடவே ஒரு நிபந்தனை இருக்கிறது. இப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் எடுத்துப் போனால் விதிமீறல். 1970இல் பதிந்த அம்பாசிடரை நீங்கள் தினமும் ஓட்டப் போகிறீர்கள் என்றால், பழைய எண்ணோடு சாதாரணப் பதிவிலேயே வைத்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதுதான் சரி. விண்டேஜ் பதிவுக் கார்களுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் 50 சதவீதத் தள்ளுபடி உண்டு. அதற்காக ஓட்டும் உரிமையை விட்டுக்கொடுப்பது நஷ்டம்.

## காகிதம்: வண்டியைப் பார்க்கும் முன் பார்க்க வேண்டியது

1. அசல் ஆர்.சி. புத்தகம். பழைய காகிதப் புத்தக விவரம் அரசின் வாகன் கணினித் தொகுப்பில் ஏறியிருக்கிறதா என்று வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏறாவிட்டால் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 'பேக்லாக் என்ட்ரி' போட வேண்டும். அது முடியாமல் பெயர் மாற்றமும் நடக்காது, மறுபதிவும் நடக்காது. இந்த வேலையை விற்பவர் முடித்துக் கொடுத்த பிறகு முழுப் பணம் தருவதே பாதுகாப்பு.

2. புத்தகத்தில் இருப்பவரே விற்கிறாரா. பல வண்டிகள் மூன்று நான்கு கை மாறியும் பெயர் மாறாமல் இருக்கும். படிவம் 29, 30 இரண்டிலும் புத்தகத்தில் உள்ளவர் கையெழுத்து வேண்டும். அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் முதலில் தங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும்.

3. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28, தடையின்மைச் சான்று. கேரளத்திலும் கர்நாடகத்திலும் நல்ல வண்டிகள் உண்டு. ஆனால் இங்கே வரி புதிதாகக் கட்ட வேண்டிவரும்.

4. எஞ்சின் மாற்றம். இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் ஏராளமான அம்பாசிடர்களிலும் பத்மினிகளிலும் டீசல் எஞ்சின் பொருத்தினார்கள். புத்தகத்தில் அதை ஏற்றியிருந்தால் கவலையில்லை. ஏற்றாமல் விட்டிருந்தால் ஆய்வில் எண் பொருந்தாது. வண்டி அங்கேயே நின்றுவிடும். பானெட்டைத் திறந்து எஞ்சின் எண்ணை நீங்களே துடைத்துப் படியுங்கள்.

## தகடு: எஞ்சினைவிட முக்கியம்

அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினைப் பிரித்து, போர் செய்து, பிஸ்டன் ரிங் மாற்றி, கிராங்க் தேய்த்துப் பூட்ட ஒரு நல்ல லேத்தும் பழகிய மெக்கானிக்கும் போதும். செலவை முன்கூட்டியே சொல்லிவிடலாம். துரு அப்படி இல்லை. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் தனிச் சட்டகம் கிடையாது; தகடே சட்டகம். அடித்தகடு அரித்தால் சஸ்பென்ஷன் பிடித்துக்கொள்ள இடமில்லை. ஓர் இடத்தை வெட்டி ஒட்டினால் வெல்டிங் சூட்டில் பக்கத்து மெலிந்த தகடு ஓட்டையாகும். டிங்கரிங் செலவு எங்கே நிற்கும் என்று பட்டறைக்காரரே சொல்ல முடியாது.

வண்டியைப் பகலில், மழை இல்லாத நாளில், நனைக்காமல் பாருங்கள். கையில் ஒரு சிறு காந்தம், மெல்லிய துணி, மொண்ணையான ஸ்க்ரூ டிரைவர், டார்ச். துணியைச் சுற்றிய காந்தத்தை உடல் முழுக்க நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பெயின்டுக்குக் கீழே பட்டி அப்பியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் பட்டி எந்தப் பழைய வண்டியிலும் இருக்கும்; காந்தம் ஒட்டவே இல்லை என்றால் உள்ளே தகடே இருக்காது.

அம்பாசிடரில் வரிசையாக:

1. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு, ஜாக்கி வைக்கும் இடம். ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். தூக்கும் முன் சரியாக மூடிய கதவு தூக்கிய பின் இடித்தால் உடல் தொய்கிறது. அந்த வண்டி வேண்டாம்.
2. முன் டார்ஷன் பாரின் (முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் தண்டு) பின்முனை பிடித்திருக்கும் குறுக்குத் தகடு. வண்டி முன்பக்கம் ஒருபுறம் சாய்ந்து நின்றால் இங்கே பாருங்கள்.
3. பின் கமான் பட்டையின் முன்முனைக் கொக்கி. சேறும் தண்ணீரும் தங்கும் இடம்.
4. ஓட்டுநர் காலடித் தளம். ரப்பர் பாயைக் கண்டிப்பாகத் தூக்கிப் பாருங்கள்.
5. டிக்கித் தளம், ஸ்டெப்னி இருக்கும் இடம், முன் கண்ணாடியின் கீழ் மூலைகள், ஹெட்லைட்டுக்கு மேல் மட்கார்டு, கதவின் அடிவிளிம்பு.

ஐந்தாவதில் துரு இருந்தால் பேரம் பேசலாம். முதல் மூன்றில் இருந்தால் பேசாமல் வந்துவிடுவதே நல்லது.

பத்மினியில் முன்சக்கர உள் மட்கார்டுத் தகட்டையும் காலடித் தளத்தையும் கூர்ந்து பாருங்கள். ஹெரால்டில் தனிச் சட்டகத்திலிருந்து பக்கவாட்டில் கைபோல நீளும் தாங்கிகள் அரிக்கும். கடற்கரை ஊர்களில் இருந்த வண்டி என்றால் எல்லாவற்றையும் இருமடங்கு கவனத்தோடு.

எஞ்சினைப் பார்க்கும்போது அது ஆறியிருக்க வேண்டும். விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு நொடி நீலப் புகை வால்வு கைடு தேய்ந்ததால். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும் நேரமெல்லாம் நீலப் புகை என்றால் ரிங். இரண்டும் சரிசெய்யக் கூடியவை, விலையில் கழித்துக்கொள்ளலாம்.

## இ20 பெட்ரோல் என்ன செய்கிறது, எப்படிச் சமாளிப்பது

இ20 என்றால் 100 லிட்டரில் 20 லிட்டர் எத்தனால். இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இங்கே பெட்ரோலில் எத்தனால் கிடையாது. பாதிப்பு மூன்று வழியில் வரும். மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம்.

கலவை மெலிவது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20க்கு இது ஏறத்தாழ 13.5 ஆகிறது. புதிய காரில் ஆக்ஸிஜன் சென்சார் இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே விடும். அதனால் கலவையில் எரிபொருள் 8 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ஒரு தயக்கம், கார்புரேட்டர் வாயில் படபடப்பு, மேடேறும்போது சூடு, பிளக் முனை சுண்ணாம்பு வெள்ளை: இவை அடையாளங்கள்.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளைத் திருகான மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்குவதே தீர்வு. ஜெட் வழியே போகும் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது. 120 எண் ஜெட்டை 125 ஆக்கினால் பரப்பு 8 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். கணக்குச் சரியாக அங்கே வந்து நிற்கிறது. ஊசியால் குடைந்து பெரிதாக்க வேண்டாம், துளை கோணலாகும். எஸ்யூ வகை கார்புரேட்டர் என்றால் அடியில் உள்ள ஜெட் நட்டை ஒரு முகம் (ஆறில் ஒரு சுற்று) இறக்கி, 20 கிலோமீட்டர் ஓட்டி, பிளக்கைப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் வந்தால் போதும். இதைச் செய்த பிறகு புகைச் சோதனையை மீண்டும் எடுத்துவிடுங்கள்.

மைலேஜ் குறையும். எத்தனாலில் லிட்டருக்கு 21 மெகாஜூல் அளவுதான் சக்தி, பெட்ரோலில் 32. கலந்தபின் 6 முதல் 7 சதவீதம் குறைவு. இதை எந்த டியூனிங்கும் திருப்பித் தராது. ஒரு நன்மையும் உண்டு: எத்தனாலால் ஆக்டேன் கூடுகிறது, குறைந்த ஆக்டேனுக்குச் செய்த இந்த எஞ்சின்களில் நாக்கிங் வராது.

ரப்பரும் உலோகமும். பழைய ரப்பர் ஹோஸ், கார்க் கேஸ்கெட், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் ஆகியவற்றை எத்தனால் ஊதவும் வறட்டவும் வைக்கும். ஹோஸ் விரிந்து கசிவது எஞ்சின் அறையில் தீ. வண்டி வாங்கிய வாரமே டாங்க் முதல் கார்புரேட்டர் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். கடையில் 'வைட்டான் உள்பூச்சு ஹோஸ்' அல்லது 'ஆர்9' என்று கேளுங்கள், ஹோஸ் மேலேயே அச்சிட்டிருக்கும். டயாஃப்ரம் கிட், மிதவை ஊசி வால்வு, கார்புரேட்டர் கேஸ்கெட் செட் ஆகியவையும் கூடவே. அழகுக்காக யாரோ டாங்க் உள்ளே எபாக்ஸி பூசியிருந்தால் அது உரிந்து செதிலாக வரும்.

முதல் இரண்டு மூன்று டாங்க் வரை ஃபில்டர் அடிக்கடி அடைக்கும். பல வருடமாக ஒட்டியிருந்த கசடை எத்தனால் கரைத்து இழுத்து வருவதால் அப்படி. பம்புக்கு முன்னால் கண்ணாடிபோல் தெரியும் ஃபில்டர் ஒன்று போட்டு, இரண்டு உதிரி கையில் வைத்திருங்கள்.

தண்ணீர். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அளவு மீறியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் எடுக்கும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் ஆகி இரண்டு நிமிடத்தில் நின்றால் இதைச் சந்தேகப்படுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் துத்தநாகக் கலவை உலோகம் அரிக்கிறது என்று பொருள். தினமும் ஓடும் வண்டியில் இந்தத் தொல்லை அரிது. வாரத்துக்கு வாரம் டாங்கில் பெட்ரோல் தீர்ந்து புதிதாக நிரம்பிக்கொண்டே இருந்தால் ஈரம் சேர நேரமில்லை.

உங்கள் பங்க்கில் எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று வீட்டிலேயே அளக்கலாம். 100 மில்லி அளவுக் குழாயில் 20 மில்லி தண்ணீர், மேலே 80 மில்லி பெட்ரோல் ஊற்றி மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு கீழே போய்விடும். கீழ் அடுக்கு 36க்கு ஏறியிருந்தால் 80இல் 16 மில்லி எத்தனால், அதாவது 20 சதவீதம். திறந்த வெளியில், அடுப்பும் நெருப்பும் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

இதோடு தொடர்புள்ள இன்னொரு தொல்லை வெயில். ஏப்ரல், மே மாத நெரிசலில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணி சுற்றுவது டாக்ஸி ஓட்டுநர்களின் பழைய வைத்தியம். அது வேலை செய்யும். நிரந்தரமாகச் செய்ய, எக்ஸாஸ்ட்டுக்கும் பெட்ரோல் குழாய்க்கும் நடுவே ஒரு தகட்டுத் தடுப்பும், கார்புரேட்டருக்கு அடியில் சூடு கடத்தாத பேக்லைட் துண்டும் போடலாம்.

ஈயம் பற்றியும் ஒரு வார்த்தை. 2000 பிப்ரவரியோடு இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயம் வால்வு இருக்கைக்கு மெத்தை போல இருந்தது. வார்ப்பிரும்பு ஹெட் உள்ள அம்பாசிடர் பெட்ரோல் எஞ்சினில் அது இல்லாமல் எக்ஸாஸ்ட் வால்வு இருக்கைக்குள் மெல்ல இறங்கும். டப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) தானாகக் குறைந்துகொண்டே வருவது அடையாளம். அடுத்து ஹெட் கழற்றும்போது கடின இரும்பு வளையம் வைத்துவிட்டால் முடிந்தது. பத்மினியின் அலுமினிய ஹெட்டில் முதலிலிருந்தே தனி வளையம் உண்டு.

## வாங்கிய முதல் மாதத்தில்

வரிசை முக்கியம். பெயின்ட், சீட் உறை, மியூசிக் எல்லாம் கடைசி.

1. பிரேக். பழைய வண்டிகளில் பிரேக் ஆயில் பாதை ஒன்றுதான். ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரப் பிரேக்கும் ஒரே மிதியில் போய்விடும். மிச்சம் ஹேண்ட்பிரேக் மட்டுமே. மூன்று ஹோஸ், எல்லா வீல் சிலிண்டர் கிட், மாஸ்டர் சிலிண்டர் கிட், டாட் 3 ஆயில் புதிதாக. ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். டிரம் நீள்வட்டமாகியிருந்தால் லேத்தில் கொடுத்து உருட்டுங்கள்.
2. டயர். அம்பாசிடருக்கு மூல அளவு 5.90-15, பத்மினிக்கு 5.20-14. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரை நம்ப வேண்டாம். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் பழைய கிராஸ்பிளை என்று கலக்காதீர்கள்.
3. கூலிங். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றக் கூடாது. உப்பு படிந்து குழாய் அடைக்கும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும். பல பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, எண்ணெயில் ஈரம் தங்கிக் கசடாகும், சிலிண்டர் தேயும். திரும்பப் போடுங்கள். சூடேறுவதற்குக் காரணம் பெரும்பாலும் அடைத்த ரேடியேட்டர்தான், அதன் கோரை மாற்றுங்கள்.
4. எண்ணெய். 20டபிள்யூ-50. புதிய கார்களுக்கான மெல்லிய எண்ணெய்களில் துத்தநாக, பாஸ்பரஸ் சேர்க்கை குறைவு. பழைய எஞ்சினின் கேம், டப்பெட் அதனால் தேயும். 5,000 கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் 3,000த்தில் மாற்றுங்கள்.
5. டியூனிங். 1489 சிசி எஞ்சினுக்கு டப்பெட் இடைவெளி 15 தௌ, டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்) பாயின்ட் 15 தௌ, பிளக் 25 தௌ. தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாயின்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் போடலாம். பழைய பாயின்ட் தகட்டை டேஷ்போர்டில் வைத்திருங்கள்.
6. கிரீஸ். முன் சஸ்பென்ஷன் நிப்பிள்களில் 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். அம்பாசிடரின் நெம்பு வகை ஷாக் அப்சார்பரில் எண்ணெய் மட்டம் பாருங்கள். ஹெரால்டில் மட்டும் கவனம்: முன்சக்கரம் திரும்ப உதவும் கீழ் மூட்டான ட்ரனியனுக்குக் கிரீஸ் கூடாது, 90 கியர் எண்ணெய்தான். கிரீஸ் அடித்தால் அடியில் தண்ணீர் தங்கித் துருப்பிடித்து, ஒரு நாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கும்.
7. விளக்கு. ஏழு அங்குல வட்ட விளக்கில் எச்4 ஹாலஜன் போடலாம். ரிலே வைக்காமல் போட்டால் பழைய சுவிட்ச் வழியே மின்சாரம் முழுவதும் ஓடி வயர் உருகும். வண்டியில் டைனமோ இருந்தால் முதலில் ஆல்டர்னேட்டருக்கு மாறுங்கள்.

உதிரிபாகத்துக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜி.பி. சாலையும் இன்னும் முதல் முகவரி. பழைய பாகத்தைக் கழற்றிக் கையில் கொண்டு போய் ஒப்பிட்டு வாங்குங்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் அளவு மாறியிருக்கிறது.

## பாதுகாப்பு

இதில் சமாதானம் சொல்ல இடமில்லை. அம்பாசிடரின் தகடு கனம் என்பதால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை தவறு. மோதலில் முன்பகுதி மடங்கி வேகத்தை உறிஞ்சினால்தான் உள்ளே இருப்பவர் மேல் விசை குறையும். இவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. ஸ்டீயரிங் தண்டும் மடங்காத இரும்பு, நேராக மார்புக்கு வரும். காற்றுப்பை இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. பழைய மாடல்களில் சீட் பெல்ட்டே இல்லை.

செய்யக் கூடியவை: முன்னாலும் பின்னாலும் மூன்று முனை பெல்ட். வெறும் தளத் தகட்டில் போல்ட் போட்டால் இழுப்பில் பிய்ந்து வரும். அடியில் கனத்த எஃகுத் தகடு வைத்துப் பிடிக்க வேண்டும். முன் டிஸ்க் பிரேக் வந்த பிந்தைய அம்பாசிடர் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். நகரத்துக்குள்ளும் மாவட்டச் சாலையிலும் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் இது நல்ல துணை. கைக்குழந்தையோடு தினமும் நான்கு வழிச்சாலையில் 100இல் போக வேண்டிய குடும்பத்துக்கு இது ஏற்றதில்லை. அவர்கள் புதுக் கார் வாங்குவதே சரி.

## கணக்குப் போட்டால்

8 லட்சம் கடனில் 9 சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்கு ஒரு புதுக் கார் எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 12,900 ரூபாய். பழைய காருக்குத் தவணை இல்லை, ஆனால் பெட்ரோல் இருமடங்கு. புதுக் கார் லிட்டருக்கு 18, அம்பாசிடர் 9 என்றும், லிட்டர் 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

மாதம் 600 கிலோமீட்டர் ஓடினால் கூடுதல் பெட்ரோல் 33 லிட்டர், 3,300 ரூபாய். மிச்சமாகும் தவணையில் பாதியைப் பழுதுக்கு ஒதுக்கினாலும் பழைய கார் லாபம்தான். மாதம் 1,500 ஓடினால் கூடுதல் பெட்ரோலே 8,300. மேலே தேய்மானமும் சேரும். மாதம் ஒரு நாள் வண்டி பட்டறையில் நிற்கும். அந்த ஓட்டத்துக்குப் பழைய கார் கட்டாது. முதல் வருடத்தில் மட்டும், எவ்வளவு நல்ல வண்டி வாங்கியிருந்தாலும், வாங்கிய விலையில் பாதிக்குக் குறையாமல் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

## நிறுத்தி வைக்க வேண்டி வந்தால்

பழைய கார் ஓடுவதால் கெடுவதைவிட நிற்பதால்தான் அதிகம் கெடுகிறது. வீல் சிலிண்டர் ரப்பர் ஒட்டிக்கொள்ளும், கிளட்ச் தட்டு பிடித்துக்கொள்ளும், டாங்கில் எத்தனால் ஈரம் குடிக்கும். வாரம் ஒருமுறையாவது 15 கிலோமீட்டர் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது உதவாது. சைலன்சரில் தண்ணீர் தங்கி உள்ளிருந்து துருவேறும்.

ஒரு மாதத்துக்கு மேல் எடுக்க முடியாது என்றால் டாங்கை விளிம்பு வரை நிரப்புங்கள், உள்ளே காற்று இல்லாவிட்டால் ஈரமும் இல்லை. பம்ப் பக்கக் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டர் கிண்ணம் வற்றித் தானாக அணையும் வரை எஞ்சினை ஓட விடுங்கள். பேட்டரி முனையைக் கழற்றுங்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கியரைப் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து வையுங்கள். இழுத்து வைத்தால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.